பெரியப்பாவின் குதிரை

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். வெளிநாட்டுக் குளிருக்கு ஸ்வெட்டர் வரைவது என் வேலை. குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருமுறை ஊட்டிக்குப் போகிற வழியில் பஸ்ஸில் வாந்தி எடுத்ததோடு சரி.

பல்லடத்தில் இருந்த பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், கொடுமுடியில். அதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அம்மணி, எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன் பின்னிக் குடுத்துரு. நெஞ்சுல குதிரை போடு. நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் குதிரையில போனவங்க."

அவர் சொல்லும் கதையில் அந்தக் குதிரை ஒவ்வொரு வருடமும் ஒரு முழம் வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, பெரியப்பாவின் தங்கை, மூக்கால் ஒரு சத்தம் செய்தாள். அவ்வளவுதான்.

பின்னலில் உருவம் கொண்டுவர, கட்டம் போட்ட தாளில்தான் வரைய வேண்டும். ஒரு கட்டத்துக்கு நூலின் ஒரு கண்ணி. வளைவே கிடையாது, எல்லாம் படிக்கட்டு. என் குதிரைக்குக் கால் தடித்தது, கழுத்து குறுகியது. காதாவது தெரியட்டுமென்று நீட்டிவிட்டேன். கம்பெனியில் மிஞ்சிக் கிடந்தது ஸ்வெட்டர் நூல், அதுவும் உருவத்துக்குக் கறுப்பு மட்டும்தான். தாளில் குதிரையாக இருந்தது, மெஷினிலிருந்து எருமையாக வந்தது.

மாற்றிப் பின்ன நேரமில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பனியன் மூட்டையைப் பிரித்தபோது அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணா, உண்மை வெளிய வந்துருச்சு பாருங்க! நம்மப்பன் எருமை மேய்ச்சுப் பால் ஊத்துனவரு. குதிரையைக் காலண்டர்லகூடப் பாத்திருக்க மாட்டாரு."

பெரியப்பா உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் மணமேடைக்கு அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். சித்திரை வெயிலில், குளிர்தேசத்து நூலுக்குள், ஹோமப் புகைக்கு முன்னால். மாலைக்கு நடுவே எருமை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, எருமைங்களா?" என்றார் சம்பந்தி.

"காட்டெருமைங்க" என்றார் பெரியப்பா, யோசிக்கவே இல்லை. "எங்க பூட்டன் ஆனைமலைக் காட்டுல கொம்பப் புடிச்சு நிறுத்திப்போட்டாருங்க. ஒத்தக் கையில."

ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

திரும்பும் வேனில் நான் அத்தையிடம் நிஜக் கதையைக் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவர்களுடைய அப்பா பால் தூக்குப்போசியோடு டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்குவாராம். பள்ளிக்கூடம் போகிற பெரியப்பா அவரைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் மாறிக்கொள்வாராம். "பால்காரன் மகன்னு சொல்லிப்போடுவாங்கன்னு" என்றாள்.

முன்சீட்டில் வியர்வையோடு உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு வீட்டில் ரகளைதான் என்று நினைத்தேன்.

"அந்த எருமைல ஒண்ணுக்குக் கொம்பு மடங்கியிருக்கும்" என்றார் பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே. "யாரு கறந்தாலும் ஒதைக்கும். நான் பக்கத்துல நின்னாத்தான் பால் குடுக்கும்."

"ஆமாண்ணா" என்றாள் அத்தை.