பிஸ்டனில் வைத்த பொட்டு

பிரேக் மிதியை அழுத்தினால் எண்ணெயை நான்கு சக்கரங்களுக்கும் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர் என்ற இரும்புக் குழாய். அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய காரில் அதைக் கழற்றிப் புதுப்பிப்பதை நான் எடுத்துக்கொண்டேன். அவன் பாடி வேலை பார்க்கட்டும், மெக்கானிக்கல் படித்த தங்கை எனக்கு உள்ளே இருப்பதுதான் பிடிக்கும். உட்புறத் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். குழாய்க்குள் ஓடி எண்ணெயைத் தள்ளும், விரல் பருமனே இருந்த பிஸ்டனுக்குப் புது ரப்பர் போட்டேன். ஒரு தூசி போனாலும் ரப்பர் கிழியும் என்று படித்திருந்தேன். எல்லாவற்றையும் கழுவித் தட்டில் பரப்பி, துணி போட்டு மூடிவிட்டு குருண் ஊரிலிருந்த பாக்டரிக்கு வேலைக்குப் போனேன்.

அன்று ஆயுத பூஜை.

திரும்பி வந்தபோது தட்டு காலி. சிலிண்டர் காருக்குள் போயிருந்தது. முன்புறம் மாலை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணன். பின்சீட்டில் பட்டுச்சேலையில் அம்மா.

"ஏறு லா. எலுமிச்சம்பழம்லாம் நசுக்கியாச்சு. ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்."

"நான் வர்றதுக்குள்ள ஏன் மாட்டின?"

"மிதிச்சுப் பாரு, கல்லு மாதிரி நிக்குது. உன் டிகிரிய நீயே வச்சுக்க."

கதவு வழியாகக் காலை நீட்டி மிதித்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. ஏறிக்கொண்டேன். ஹேண்ட்பிரேக் கேபிள் இன்னும் மாட்டவில்லை என்பதே, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே சாலை சரியத் தொடங்கியபோதுதான் நினைவுக்கு வந்தது. கீழே பெரிய சாலை. அதில் லாரிகள் வேகம் குறைப்பதே இல்லை.

"அண்ணே, மாட்டறதுக்கு முன்னால எல்லாத்தையும் தொடச்சல்ல?"

"எதுக்கு? நீதான் கழுவி வச்சிருந்தியே. அம்மா தட்டோட தூக்கிட்டுப் போய் பூஜைல வச்சாங்க. சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சாங்க."

"பிஸ்டன்லயுமா?"

"இரும்பு எல்லாத்துலயும்தான். அம்மா வச்ச பொட்ட அழிப்பாங்களா?"

காய்ந்த சந்தனம் மணல் போலத்தான். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு மிதிக்கும் அது ரப்பரை அறுத்துக்கொண்டே வந்திருக்கும்.

"வண்டிய நிறுத்து."

"என்னடி, இப்பதான..."

"நிறுத்துண்ணே!"

மிதித்தான். மிதி தரைவரை போனது. கார் போய்க்கொண்டே இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை. பின்னால் அம்மா, "முருகா, முருகா" என்றார். செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று கீழே பெரிய சாலையில் குறுக்காகப் பறந்தது.

"விட்டு விட்டு மிதி! கியர கொற!"

கியர் கத்தியது. மிதித்தான், விட்டான், மிதித்தான். எங்கோ கொஞ்சம் எண்ணெய் பிடித்தது. கார் இழுபட்டு, இருமி, பெரிய சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. இன்ஜின் அணைந்தது.

நின்றது என்று நம்ப முடியவில்லை. அவன் காலுக்கடியில் மிதி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காரும் கூடவே அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. குதித்து இறங்கி, வாய்க்கால் ஓரத்திலிருந்த கல்லைப் புரட்டி முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். கார் கல்லின் மேல் சாய்ந்து நின்றது. அம்மா இறங்கினார். வீடு இருந்த மேட்டை நோக்கி நடந்தார்.

"அண்ணே, கல்லு வச்சாச்சு. கால எடு."

அவன் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுக்க வரல லா."

கதவைத் திறந்து, குனிந்து, அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து நான்தான் தூக்கி வெளியே வைத்தேன்.