தங்கேல்லை என்ற சொல்

நான் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸில் ஒன்றைக் கடித்துவிட்டு, வாயோரத் தூளைப் புறங்கையால் துடைத்தபடி அவர் ஒலிவாங்கியை வாங்கினார். நூலகத்துக்கு முன்னால் உள்ள சிறிய சதுக்கம். மேற்கிலிருந்து வீசிய காற்றில் பதாகை படபடத்தது. பேசத் தொடங்கும் முன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டு திருப்பிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அந்த டேனிஷ்காரியைப் பொறுப்பாளர் என்றே சொல்கிறேன். நான் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது, வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடித் தருகிற யொப்சென்டர் என்னைக் கோடைகாலப் பயிற்சிக்கு ஒரு பெண்கள் சங்கத்துக்கு அனுப்பியது. கருக்கலைப்புக்குச் சட்டம் வைத்திருந்த வார எல்லையை நீட்டவேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கதைக்கிற வேலை. மற்றப் பயிற்சியாளர்கள் எல்லாரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், என் மகளின் வயது. எனக்கோ தெரியாத வீட்டு மணியை அடிக்கவே கை வராது. பொறுப்பாளர்தான் பக்கத்தில் நின்று பழக்கினார். மணியை அடித்ததும் ஓரடி பின்னுக்குப் போய் நிற்கவேண்டும், அப்போதுதான் திறக்கிறவருக்கு நெருக்கமாக இருக்காது என்றார். என் டேனிஷைக் கேட்டு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தொழிற்சாலையில் இருந்த காலம் முழுக்க என்னிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை, அவர் கேட்டார். அதனால்தான் நம்பினேன்.

டென்மார்க்கில் எங்கள் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில் உள்ள தமிழ் வீடுகளை அவர் எனக்கென்று ஒதுக்கினார். தானும் கூட வருவார். முதல் போனது மன்னார் அக்கா வீட்டுக்கு. கத்தோலிக்கக் கோவில் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்பவர்.

“என்ன பிள்ளை, பூசையில பாதர் ஒரு கதை, வாசலில நீ வேறை கதை. ஆர் உன்னை அனுப்பினது? யொப்சென்டரோ, சாத்தானோ?”

“யொப்சென்டர்தான் அக்கா.”

“ரெண்டும் ஒண்டுதான். உள்ள வா. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, வெளியில காத்தடிக்குது.”

தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம் அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கும் மூத்தவனுக்குப் பிறகு ஒண்டு தங்கேல்லை.” நான் தலையாட்டினேன். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு போன வீடுகளிலும் அதே சொல் வந்தது. ஒண்டு தங்கேல்லை. அங்கேயும் நான் தலையாட்டினேன்.

திரும்பும்போது காரில் பொறுப்பாளர், எல்லாரும் சொல்கிற அந்தச் சொல் என்ன என்று கேட்டார். என் அரைகுறை டேனிஷில் விளக்கினேன். கரு தானாகக் கலைந்தாலும் தங்கேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்தாலும் தங்கேல்லை. எது என்று சொல்பவள் சொல்லமாட்டாள், கேட்பவள் கேட்கமாட்டாள். புருசனுக்கும் மாமிக்கும் பாதருக்கும் அந்த ஒரு சொல் போதும். இதை வெளியில் சொல்லக்கூடாது, சொன்னால் பிறகு எங்களுக்கு ஒதுங்க வேறு சொல் இல்லை என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகான சொல் என்றார். இது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

சதுக்கத்துக் கூட்டத்துக்கு நான் கூப்பிட்டதால்தான் அக்காமார் வந்தார்கள். டேனிஷ் சரியாக விளங்காது என்று பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தார்கள். பொறுப்பாளர் ஒலிவாங்கியில் முதலில் அந்தச் சொல்லைத் தமிழிலேயே சொன்னார். பழகியிருக்கவேண்டும், உச்சரிப்பு அவ்வளவு பிழையில்லை. வெள்ளைக்காரி வாயில் தமிழ் வந்ததும் அக்காமார் சிலர் பெருமையாகக் கை தட்டினார்கள். பிறகு டேனிஷில் விளக்கினார். எங்கள் நகரத்துத் தமிழ்ப் பெண்கள் தங்கள் கருக்கலைப்பை இந்தச் சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், இனி ஒளிக்கவேண்டாம், இதை எனக்குச் சொல்லித் தந்தவர் இதோ நிற்கிறார் என்று என் பக்கம் கையை நீட்டினார்.

தாய்மார் இன்னும் கை தட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளுக்குத்தான் முதலில் விளங்கியது. ஒவ்வொரு பிள்ளையாகத் தாயைத் திரும்பிப் பார்த்தது. மன்னார் அக்காவின் மூத்த மகன் அவர் காதுக்குள் ஏதோ குனிந்து கேட்டான். அக்கா என்னைப் பார்த்தார்.

என் மகளும் அங்கே நின்றாள். தனக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், எது அம்மா என்று டேனிஷில் கேட்டாள். நான் சொல்லவில்லை. அது எது என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் பொறுப்பாளரிடம் கேட்டேன், ஏன் சொன்னீர்கள் என்று. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் ஒருவரின் பெயரையும் சொல்லவில்லையே என்றார். பெயரைச் சொல்லியிருந்தால் ஒருத்தியோடு போயிருக்கும் என்று தமிழில் நினைத்தேன். அதை டேனிஷாக்க வரவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பிறகு அங்கே போகவில்லை.

சட்டம் மாறிவிட்டது. மாறியது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேக் வெட்டுகிறோம், வாருங்கள், உங்கள் பங்கும் இதில் உண்டு என்று அவர் குறுஞ்செய்தி அனுப்பினார். பதில் எழுதவில்லை. பாட்டுக் குழுவிலும் இப்போது என் பக்கத்தில் வேறொருவர் நிற்கிறார்.

இந்த வசந்தத்தில் மன்னார் அக்காவின் மருமகளுக்குக் கரு கலைந்துவிட்டது. பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, மருமகள் ஏன் வரவில்லை என்று யாரோ கேட்டார்கள். அக்கா சொல்ல வாயெடுத்தார். தூரத்தில் நின்ற என்னைக் கண்டதும் நிறுத்தினார். இத்தனை வருடமாகக் கடையில்கூட விரலால் காட்டி வாங்குகிற மனுசி, ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருந்த டேனிஷ் சொல்லை, தானாகக் கலைந்தது என்று பொருள்படும் அந்தச் சொல்லை, எழுத்தெழுத்தாகப் பாடமாக்கி வைத்திருந்தார்.

“ஸ்பொன்டான் அபோர்ட்,” என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, ‘தானாக’ என்ற அந்தப் பாதியை மட்டும் இன்னும் கொஞ்சம் உரக்க: “ஸ்பொன்டான்.”