கள்ளனுக்குக் கேட்ட துஆ

எங்கள் வண்டியைக் களவெடுத்தவன் யார் என்பதை எனக்குக் காட்டித் தந்தது பேரீச்சங்கொட்டை. பொலிஸ் காட்டவில்லை, ஊரும் காட்டவில்லை. தெரிந்த அன்றைக்கே அவனை வீட்டை விட்டுத் துரத்தியிருக்கலாம். துரத்தவில்லை. முதலில் வண்டியைக் கட்டி முடிக்கட்டும் என்று விட்டுவைத்தேன். இதைக் கேட்டுவிட்டு என்னைப் பொல்லாதவள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு என்ன குறைந்துபோகிறது?

அது ஒரு சின்ன வெள்ளைக் கார். சவூதியில் இரண்டு தடவையாக ஒன்பது வருஷம் ஊரான் பிள்ளைக்குப் பால் கலக்கி, ஊரான் கக்கூஸ் கழுவிக் கொண்டுவந்த காசில் வாங்கியது. முதல் தடவை விமானம் ஏறியபோது என் மகளுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. கடைசியாகத் திரும்பி வந்தபோது அவள் என் தோளுக்கு மேல் வளர்ந்து, என்னைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல் ஸலாம் சொன்னாள்.

எங்கள் வீடு புத்தளத்துத் தில்லையடியில். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த என் உம்மாவும் வாப்பாவும் கல்லுக் கல்லாகச் சேர்த்துக் கட்டி, எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. எங்கள் ஆட்களிடம் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் புருஷன் கண்டக்குழியிலிருந்து வந்தார். உப்பு லொறி ஓடிக்கொண்டிருந்தார். நான் இல்லாத காலத்தில் மகளை வளர்த்ததும் அவர்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தபோது நான் சொன்னது ஒன்றுதான். "இத வச்சு வாடகைக்கு ஹயர் ஓடுங்க. நம்மட மூணு வயிறும் இதால நிரம்பட்டும். இனி என்ன வெளிநாட்டு ஏஜென்சிப் பக்கம் அனுப்ப நினைக்காதீங்க. மூணாந்தடவ போனா என்ட மையத்துத்தான் வரும்."

"அல்லாஹ் காப்பாத்துவான் புள்ள," என்றார்.

நாலு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வண்டியில் போனவர் நடந்து வந்தார். பள்ளிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்ததைக் காணவில்லை என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்து அழுதேன். அவர் என் பக்கத்தில் குந்தி, முதுகைத் தடவி, ஸபூர் செய், பொறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

அடுத்த கிழமையே பேச்சு எடுத்தார். "குவைத்துல ஒரு வீடு இரிக்காம். வயசான ரெண்டு பேர் மட்டுந்தானாம். ஏஜென்சிக்காரன் நேத்து கதைச்சான்." பாஸ்போட்டை எடுத்து என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வனாத்தவில்லுப் பக்கம் ஒரு கஜூ முந்திரித் தோட்டத்தில் வண்டி கிடைத்தது. கிடைத்தது என்றால் தகடு கிடைத்தது. கதவு இல்லை, சீட் இல்லை, சில்லு இல்லை, பொனட்டைத் தூக்கினால் எஞ்சின் இருந்த இடத்தில் காய்ந்த இலை. கோர்ட்டில் விடுவித்து, ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி வந்து, வாசலில் கல் அடுக்கி அதன்மேல் இறக்கினார்கள். தெருவே வந்து பார்த்துவிட்டு, மையத்து வீட்டுக்கு வந்தவர்கள்போல் சத்தமில்லாமல் போனது.

"இனி இதுல என்ன இரிக்கி? வெறும் முள்ளு. முள்ளுல கறி ஆக்க ஏலுமா?" என்றார் என் புருஷன். "பழைய இரும்புக்குப் போட்டுட்டு, நீ அந்த குவைத் வீட்ட ஒருக்கா யோசிச்சுப் பாரு."

"கட்டுவம்," என்றேன். "உங்களுக்கு வேலை தெரியும். லொறிய நடு ரோட்டுல கழட்டிப் பூட்டுற ஆள்தானே நீங்க. இத இந்த வாசல்லயே கட்டுங்க. நான் எங்கயும் போக மாட்டன். பட்டினி கிடந்தாலும் இங்கதான் கிடப்பன்."

அவர் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. பறிகொடுத்தவன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

முதலில் வந்தது இடது பக்கத்துக் கதவு. மதுரங்குளியில் பழைய வண்டிப் பாட்ஸ் கடையில் எடுத்ததாகச் சொன்னார். "சிலாபத்துல அடிபட்ட ஒரு வண்டிட கதவு. எங்கட அதிஷ்டம், நிறமும் அதே வெள்ள." அவர் கை கழுவப் போனார். நான் ஈரத் துணியை எடுத்துக் கதவைத் துடைத்தேன். உள்பக்கப் பையில் கையை விட்டால் மூன்று பேரீச்சங்கொட்டை. நோன்பு மாதத்தில் புத்தளம் டவுனிலிருந்து வரும் வழியில் பாங்கு சொல்லிவிட்டது, வண்டிக்குள்ளேயே நோன்பு திறந்து, கொட்டையை அங்கே போட்டது நான். கைப்பிடிக்குக் கீழே ஒரு நெளிவும் இருந்தது. கேற்றில் இடித்து அதை உண்டாக்கியது அவரேதான். அன்றைக்கு அதற்காக நாங்கள் சண்டைகூடப் பிடித்தோம்.

களவு போன வண்டியின் கதவு பழைய பாட்ஸ் கடைக்கு வருவது புதினமில்லை. ஆனால் தன் கதவைப் பார்த்த சொந்தக்காரன் என்ன செய்வான்? கடைக்காரனின் கழுத்தைப் பிடிப்பான், பொலிசுக்கு ஓடுவான். இந்த மனுசன் சிலாபத்தில் அடிபட்ட வண்டி என்று எனக்குக் கதை சொல்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதுவும் நான் ஆக்கிப் போட்ட சோற்றில்.

வண்டியை அவரேதான் அந்தக் கடைக்கு விற்றிருக்கிறார், காசுக்குத்தான் என்று நினைத்தேன். வேறு எதற்கு ஒருவன் தன் வண்டியை விற்பான்? கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு குசினிக்குப் போனேன். வாளியால் அவர் மண்டையில் போட்டுவிட வேண்டும் என்று இருந்தது. போட்டால் வண்டி வராது. வண்டி வராவிட்டால் நான் குவைத் போக வேண்டும். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவருக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினேன்.

அன்றைக்கு அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவரிடம் சொன்னேன். "அநியாயம் செய்யப்பட்டவன் கேக்குற துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல திரை இல்லயாம். நம்மட வண்டிய எடுத்தவனுக்கு நாம துஆ கேப்பம். நீங்கதான் வீட்டுக்கு ஆம்பிள, நீங்க கேளுங்க."

"எனக்கு அப்பிடியெல்லாம் கேக்கத் தெரியாது புள்ள."

"நான் சொல்லித் தாறன்."

அவர் கையை ஏந்தினார். நான் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். "யா அல்லாஹ், எங்கட வண்டிய எடுத்தவன்ட கைய முடக்கு. அவன் தின்னுற சோத்த மண்ணாக்கு. அவன்ட ஈரல் கருகட்டும்." பக்கத்தில் இருந்த மகள் ஒவ்வொன்றுக்கும் உரத்து ஆமீன் சொன்னாள். வாப்பாவின் வண்டியை எடுத்தவன் மேல் அவளுக்குப் பெரிய ஆத்திரம். அவர் குரல் ஈரல் என்ற இடத்தில் இறங்கியது. "உரத்துக் கேளுங்க, அல்லாஹ் ரஹ்மான், இரக்கக்காரன், ஆனா நாமளும் கேக்குற மாதிரிக் கேக்கணும்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு மஃரிப்கூடத் தவறவிடவில்லை.

பகலில் வேலை. தலைக்கு மேல் புத்தளத்து வெயில், காலுக்குக் கீழே சுடுமணல். அவர் தகட்டுக்குள் படுத்துக்கொண்டு துருவைச் சுரண்டுவார், நெளிவு தட்டுவார், பெயின்ட் அடிப்பார். நான் நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் போகிற பெண்களைக் கூப்பிட்டு, "பாருங்க, என்ட மனுசன்ட கைவேலைய. எனக்காகப் படுற பாட்டப் பாருங்க," என்பேன். அவர்கள் மாஷா அல்லாஹ் சொல்வார்கள். அவர் முகத்தைத் தூக்க மாட்டார்.

சாமான் ஒவ்வொன்றாக அதே கடையிலிருந்து வந்தது. எல்லாம் எங்கள் சாமான்தான். சீட்டில் மகள் ஐஸ்கிறீம் சிந்திய கறைகூட அப்படியே இருந்தது. ஒரு ஆணிக்கும் புதுத் துளை போட வேண்டியிருக்கவில்லை. விற்கும்போது ஒரு விலை, திருப்பி வாங்கும்போது ஒரு விலை, பாட்ஸ் கடைக்காரன் என்ன அவருடைய மச்சானா? காசு காணாமல் தன் பழைய மோட்டர் சைக்கிளையும் விற்றார். நன்றாகத் தின்னட்டும் என்று இருந்தேன்.

ஒரு நாள் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜக் வழுக்கி வண்டி இறங்கியதில் வலது கையில் இரண்டு விரல் நசுங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிற்று. நோவில் வந்த வெளிறல் இல்லை அது, பயத்தில் வந்தது. நான் பழந்துணி கிழித்துக் கட்டிக்கொண்டே கேட்டேன். "கள்ளனுக்குக் குடுக்க வேண்டியத அல்லாஹ் எதுக்கு உங்களுக்குக் குடுத்தான்? விலாசம் மாறிப்போச்சோ?"

அவர் என்னையே பார்த்தார். அன்றைக்கு மஃரிபுக்கும் கட்டுப் போட்ட கையை ஏந்த வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் வருவதற்கு முன், சீட்டும் கியரும் பூட்டியிருந்த நேரத்தில், எனக்கு வண்டி ஓடப் பழக்கச் சொன்னேன். "நான் ஓடத் தெரிஞ்சா உங்களுக்குத்தானே உதவி," என்றேன். எஞ்சின் இல்லாத வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கிளச்சை மிதி, இப்போது ஒன்றாம் கியர், மெல்ல விடு என்று பழகினோம். எங்கேயும் போகாத வண்டியில் கற்பிட்டி போனோம், சிலாபம் போனோம். "இந்தா மாடு, பிறேக் பிடி," என்பார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் என்னோடு சிரித்துக் கதைத்த நாட்கள் அவைதான். ஒரு தரம் இதையெல்லாம் மறந்துவிடுவோமா என்றும் நினைத்தேன். பிறகு றியாத்தில் சமையலறைத் தரையில் அட்டைப் பெட்டி விரித்துப் படுத்தது நினைவுக்கு வந்தது. மறக்கவில்லை. டவுனில் சாரதி பழகுநர் பள்ளிக்குப் போய் லைசன்சும் எடுத்தேன்.

வேப்ப மரக் கிளையில் செயின் புளொக் கப்பி கட்டி எஞ்சினை இறக்கினார்கள். அதற்கு மட்டும் ஒரு மெக்கானிக் பாஸ் வந்து உதவினார். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பியதும் வண்டி இருமி, புகை விட்டு, ஓடத் தொடங்கியது. அவர் கண் கலங்கிவிட்டது. தான் விற்ற வண்டிக்குத் தானே அழுகிற மனுசனை அன்றைக்குத்தான் கண்டேன்.

"உங்கட உம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவம்," என்றேன்.

மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். பாலாவி சந்தியால் திரும்பி, நுரைச்சோலை தாண்டிக் கண்டக்குழி வரைக்கும் அவரே ஓடினார். வழியெல்லாம் சந்தோஷம். மாமி வாசலுக்கு வந்து, மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று பொனட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் டிக்கியைத் திறந்து, அவருடைய உடுப்பெல்லாம் அடுக்கிய பேக்கை எடுத்து மணலில் வைத்தேன். சாவிக்குக் கையை நீட்டினேன்.

"இது என்ன?"

"உங்கட உடுப்பு. என்ட கதவ எனக்கே கொண்டுவந்து காட்டினீங்களே, அண்டைக்கே கட்டியிருக்க வேண்டியது. வண்டி முடியட்டும் எண்டு பாத்திரிந்தன். வித்துத் திண்டது செமிச்சுதா?"

அவர் இல்லை என்று சாதிப்பார், சத்தியம் பண்ணுவார், காலில் விழுவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் சாவியைத் தந்துவிட்டுச் சொன்னார். "தின்னல்ல. அந்தக் காசுல ஒரு சதம் தொடல்ல. அதாலதான் எல்லாத்தயும் திருப்பி வாங்கினன். காணாததுக்கு மோட்டர் சைக்கிள வித்தன்."

"அப்ப எதுக்கு வித்தீங்க?"

"வண்டி இல்லாட்டி நீ போவாய் எண்டு நினைச்சன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கே போவேன் என்று கேட்கப் பார்த்தேன். கேட்க முன்னமே விளங்கிவிட்டது.

"டெலிபோன்ல கதைக்கக்குள்ள நல்லாத்தான் இரிந்திச்சு," என்றார், கோபமில்லாமல். "நீ வந்து நிண்டதும் எங்கட வீட்டுல பிற மனுசி ஒண்டு நிக்கிற மாதிரி ஆயிட்டு. ஒவ்வொண்டுக்கும் உன்ட முகத்தப் பாக்க வேண்டியதாப் போச்சு."

"எங்கட வீடா? அது என்ட வீடு."

"வீடு உன்டதான். அதுல இரிந்தது நாங்க." பேக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு மட்டுமில்ல. புள்ளைக்கும் அப்பிடித்தான்."

"புள்ளய இழுத்தீங்க எண்டா நாக்க அறுத்துப் போடுவன்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். மாமி தேத்தண்ணிக் கோப்பைகளோடு வெளியே வந்து, ஏன், என்ன என்று கேட்பது கேட்டது. நான் நிற்கவில்லை.

தனியாக ரோட்டில் வண்டி ஓடியது அதுதான் முதல் தடவை. அழுகையாக வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஒன்பது வருஷம் நான் அனுப்பிய காசில் ஒருவன் உடுத்து, தின்று, நான் வராமல் இருந்தால் நல்லது என்று இருந்திருக்கிறான். ஆனாலும் வண்டி என் கையில் இருக்கிறது, மகள் இருக்கிறாள், இனி யாரும் என்னை அனுப்ப முடியாது என்று சொல்லிச் சொல்லி ஓடினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு வந்து சேர்ந்தேன்.

மகள் வாசல் படியில் புத்தகத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் எழும்பி ஓடி வந்தாள். மற்றப் பக்கத்துக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா எங்க?"

"கண்டக்குழியில. இனி அங்கதான் இரிப்பார்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப நீங்க போனாப் பொறகு நான் ஆரோட இரிக்கிற?" என்று கேட்டாள்.

"நான் எங்க மகள் போறன்?"

"சவூதிக்கு."

நான் சிரித்தேன். அவள் தலையைத் தடவப் போனேன். "உம்மா இனிப் போக மாட்டன் மகள். அதுக்குத்தானே இந்த வண்டி. நான் ஹயர் ஓடுவன், உங்களப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுவன், இங்கதான் இரிப்பன்."

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒருக்காலுமே போக மாட்டீங்களா?" என்றாள்.

ஓம் என்று தலையாட்டினேன். அவள் படியில் கிடந்த புத்தகத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.