சோற்றைத் தொடாத மீன்கள்

முதலையைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கரையோர ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். ஆற்றோடு இருந்தது இருபது வருஷம். நான் சிறு பெண்ணாக இருந்தபோது, பால் வாளி கழுவப் போன அடுத்த வீட்டு அக்காளை முதலை கொண்டுபோனது. வாளி மட்டும் மிதந்தது. அந்த அக்காள் தினமும் அதே கல்லில், அதே நேரத்தில் குனிந்து வாளி கழுவியவர். முதலை ஆளைப் பார்ப்பதில்லை, ஆளுடைய வழக்கத்தைப் பார்க்கிறது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. புலிக்காவது மனிதன் என்றால் ஒரு கூச்சம் உண்டு. முதலைக்கு நாமும் ஒன்றுதான், கோழியும் ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் இறந்துபோன பதினாறாம் நாள், கருமாதிக்காக எங்கள் ஊர் லூனாஸிலிருந்து இரண்டு காரிலும் ஒரு வேனிலும் ஆற்றுக்குப் போனோம். காலை எட்டு மணி இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் காரியம் செய்கிற படித்துறை அது. வாரத்துக்கு இரண்டு குடும்பமாவது வரும். எல்லோரும் அதே படியில்தான் இறங்குவார்கள், அதே இடத்தில்தான் பிண்டம் கரைப்பார்கள். மேல்படியில் முதலைப் படம் போட்ட பலகை ஒன்று நிற்கிறது. ஆண்கள் அதில்தான் சட்டையைக் கழற்றி மாட்டுவார்கள்.

"பலகையப் பாத்தீங்களா, ஐயா?" என்று காரியம் செய்து வைக்க வந்த பண்டாரத்திடம் கேட்டேன்.

"அதான் போன வருஷமே ஒண்ணப் புடிச்சிட்டுப் போயிட்டாங்களேம்மா. லோரியில ஏத்துனத நானே கண்ணால பாத்தேன் லா."

ஒன்றைப் பிடித்தால் ஆறு காலியாகிவிடுமா? அந்த இடத்துக்கு அடுத்தது வரும். ஆனால் காரிய வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். அது என் தப்பு.

என் மகன் ஒரே பிள்ளை. நாற்பத்தைந்து வயசு, கூலிமில் தொழிற்சாலை வேலை. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் கடைசி எட்டு மாசம் பேச்சு இல்லை. பாடாங் செராய் போகிற வழியில் அவர் மோட்டாரோடு இரண்டு தடவை விழுந்தார். எழுபத்தெட்டு வயசு. மகன் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். அவன் செய்தது சரி. ஆனால் அவர் அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

கரையில் பூசை முடிந்தது. மகன் இரண்டாம் படியில் நின்று, முழங்கால் தண்ணீரில் பிண்டத்தைக் கரைத்துவிட்டான். அந்தத் துறையில் சோறு விழுந்தால் மீன்கள் கூட்டமாக வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அன்றைக்கு ஒரு மீன்கூட வரவில்லை. சோறு வெள்ளையாக அப்படியே மிதந்தது.

என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அண்ணன் ஏத்துக்கல! ஐயோ, மனசு ஆறல அவருக்கு!"

"ஒரு குறை இருக்கும்மா," என்றார் பண்டாரம். "தம்பி, இன்னும் நாலு படி இறங்குங்க. மார் தண்ணியில நின்னு அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டு மூணு முழுக்குப் போடுங்க."

வந்தவர்கள் எல்லோரும் என் மகனைத்தான் பார்த்தார்கள். சாவிக் கதை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. அவன் முகம் செத்துப்போயிருந்தது. காலை அடுத்த படியில் வைத்தான்.

நான் மிதக்கிற சோற்றைப் பார்த்தேன். பிறகு மேலே பார்த்தேன். மிச்சச் சோற்றுக்காக எப்போதும் தண்ணீர் விளிம்புவரை வந்து நிற்கிற நாய்கள் மூன்றும் மேட்டிலேயே நின்றன. ஒன்று அடித்தொண்டையில் உறுமியது. எனக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். புருஷனை இழந்தவள் காரியத்தின் நடுவில் இறங்கலாமா கூடாதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் மகனுடைய இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"மேல ஏறு."

"விடுங்கம்மா. அப்பா என்ன மன்னிக்கணும்."

"உங்கப்பா இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு மன்னிப்பாரு. தண்ணிக்குள்ள இருக்கிறது மன்னிக்காது. ஏறுடா!"

பால் மரத்தில் நாற்பது வருஷம் வேலை செய்த கை இது. அவனைப் பின்பக்கமாகவே இழுத்துப் படியில் உட்கார வைத்தேன். கரைக்கு வந்ததும் பண்டாரம், முழுக்கு இல்லாமல் காரியம் முடியாது, சாஸ்திரம் இடம் கொடுக்காது என்றார்.

"சாஸ்திரம் எழுதுனவரு இந்தத் துறைக்கு வந்து குளிச்சாராய்யா? வாளியில கயிறு கட்டுங்க."

வேனில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் கயிறு கட்டி, மேல்படியிலிருந்து எறிந்து இழுத்தோம். மூன்று வாளித் தண்ணீரை அவன் தலையில் நானே ஊற்றினேன். பண்டாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மந்திரம் சொன்னார்.

கடைசியாக, பூசையில் வைத்த மண் கலயத்தை முதுகுப்பக்கமாக ஆற்றில் எறிந்துவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். மகன் எறிந்தான். 'தொப்' என்று விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த மூச்சில், பலகையால் தண்ணீரை அறைந்த மாதிரி ஒரு சத்தம். படியில் தண்ணீர் மோதுவது கேட்டது. எங்கள் முதுகில்கூடத் தெறித்தது.

இருபது பேரும் அப்படியே நின்றோம். ஒருவர்கூடத் திரும்பவில்லை. வழக்கம் அப்படி.

"அண்ணி," என்றாள் நாத்தனார், முன்னால் பார்த்தபடியே. "என்ன அண்ணி அது?"

நான் திரும்பினேன். மகன் போய் நின்றிருக்க வேண்டிய கீழ்ப்படிக்கு நேரே, சாம்பான் படகின் அடிப்பக்கம் போல ஒரு முதுகு. வால் ஒரு தடவை புரண்டது. கலயத்தின் பாதி ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் சுழன்றது. பிறகு ஆறு மூடிக்கொண்டது.

"நீ நெனைக்கிறதுதான். நட," என்றேன்.

காரில் நாத்தனார் எங்களோடு ஏறிக்கொண்டாள். என் மகனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா அய்யா, சோத்த ஏத்துக்காம ஒன்ன நிறுத்துனது ஒங்கப்பாதான். கோவமா இருந்தா காப்பாத்துவாரா?"

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. உங்கண்ணனா வேட்டியைப் பிடித்து இழுத்தார் என்று கேட்டிருப்பேன். அதற்குள் மகனைப் பார்த்தேன். பதினாறு நாளாக அழாதவன் அப்போதுதான் அழுதான், சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்கி. அழுது முடித்து, "ஆமா அத்தே," என்றான்.

என் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்தேன். "ஆமாய்யா, அப்பாதான்," என்று நானும் சொன்னேன்.

ஆனால் எழுதி வைப்பது என்று வந்துவிட்டால் உள்ளதைத்தான் எழுத வேண்டும். இழுத்தது நான்தான்.