ஒன்பது ராத்தல் தண்ணீர்

1912 ஜனவரி 6ஆம் தேதி, திருநெல்வேலி ரயில் நிலையத்துப் பார்சல் தராசில் ஏறி நின்ற பாக்கியசீலனின் எடை நூற்றுத் தொண்ணூற்றாறு ராத்தல். முள்ளைக் குனிந்து பார்த்தவள் அவர் மனைவி ஜெபராணி. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். எதையும் அளந்து பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்.

பாக்கியசீலன் வள்ளியூர் வரையுள்ள மிஷன் பள்ளிகளை மட்டக்குதிரையில் போய்ப் பார்வையிடுபவர். புதிதாக வந்த மேலாளர் உத்தரவு போட்டிருந்தார்: நூற்றெண்பது ராத்தலுக்கு மேல் கனப்பவருக்கு ஏப்ரல் முதல் குதிரை கிடையாது. புத்தகக் கிடங்கில்தான் வேலை.

"இருபது வருசம் ஊர் ஊராத் திரிஞ்சவனத் தூசி தட்டச் சொல்லுதாவ" என்றார் அவர்.

டவுன் அப்பாத்துரையின் லேகிய டப்பிகள் தபாலில் ரங்கூன் வரை போயின. உடன்குடிக் கருப்பட்டியில் கிண்டிய மூலிகை, உடல் வற்றும், தீங்கே இல்லை என்று விளம்பரம். பாக்கியசீலனும் ஒன்று வாங்கினார். தினமும் காலையில் சுண்டைக்காயளவு. மறுநாளே பாக்கியசீலனுக்கு வயிறு கழிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடுகிற ஊர், யாரும் கவலைப்படவில்லை. "குடல் சுத்தமாவுது" என்று அவருக்குச் சந்தோஷம்தான். பிப்ரவரிக் கடைசியில் நூற்றெண்பத்தொன்று. ஒரே ஒரு ராத்தல் பாக்கி என்று சொல்லிக்கொண்டு இறங்கியவர், தராசுப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பியைத்தான் தேடினார். "நாளைக்கி ரெண்டு உருண்டையாப் போட்டா முடிஞ்சிரும்."

ஜெபராணி டப்பியை எடுத்துக்கொண்டு அப்பாத்துரையிடம் போனாள்.

"இதுல என்ன இருக்கு, அண்ணாச்சி?"

"மூலிகை."

"மூலிகைக்கு ஒரு பேரு இருக்குமே."

"பேரச் சொன்னா நாளைக்கே நீங்க கிண்டி வித்திருவிய."

அடுத்து நாட்டு மருந்துக் கடை அம்மையப்பன். இங்கே கேள்வியை மாற்றிப் போட்டாள்: அப்பாத்துரை என்னென்ன வாங்குகிறார்?

"சுக்கு, திப்பிலி, வாரம் ஒரு படி நேர்வாளக் கொட்டை. பால்ல வேகவச்சுச் சுத்தி பண்ணித் தாரேன், நேரமாவும்னேன். அப்படியே குடும்னுட்டாரு, வாத்தியாரம்மா."

"சுத்தி பண்ணாட்டா?"

"அந்தக் கொட்டை குடுக்கற பேதிய மாடே தாங்காது."

தாலுகா கச்சேரியில் குமாஸ்தா பட்டாபி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "பாஷாணம் விக்கத்தாம்மா லைசென்சு வேணும். லேகியத்துல என்ன போடறேன்னு கேக்க சர்க்கார்ல ஆளே கிடையாது. வேணும்னா மனு எழுதிக் குடுங்கோ."

எழுதிக் கொடுத்தாள். ஆனால் மனு போய்ச் சேருவதற்குள் டப்பி காலியாகிவிடும். அதனால் கணவரிடம் ஒரு பந்தயம் வைத்தாள். "மூணு நாளைக்கு லேகியம் வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சி மட்டும் குடிங்க. பொறவு நிறுத்துப் பாப்போம். கரைஞ்சது கொழுப்புன்னா எடை ஏறாது."

நாலாம் நாள் முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

"மூணு நாள் கஞ்சியில ஒம்பது ராத்தல் கொழுப்பா ஏறிச்சு? போனதும் தண்ணி, வந்ததும் தண்ணி."

பாக்கியசீலன் பைய இறங்கினார். "அப்பம் குதிர போச்சு."

"குதிரதான போச்சு."

அன்று மாலையே அவர் மேலாளருக்கு எழுதினார்: பள்ளிகளை நடந்தே பார்க்க அனுமதி வேண்டும். அனுமதி ஒரு வாரத்தில் வந்தது. ஜெபராணியின் மனுவுக்கு மார்ச் கடைசியில் பதில் வந்தது: இவ்விஷயம் இக்கச்சேரியின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.

ஏப்ரல் முதல் தேதி காலை பாக்கியசீலன் குடையும் கட்டுச்சோறுமாக வள்ளியூர்ச் சாலையில் நடக்கத் தொடங்கினார்.