மயில் மிதித்த அம்மா

எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா வேலை செய்த கம்பளம் கழுவும் கடையின் ஈரானிய முதலாளி, ஓரம் தேய்ந்துபோன பழைய பாரசீகக் கம்பளம் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டார். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையை அது முழுதாகப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு தோட்டமே இருந்தது. நடுவில் மீன்கள் நீந்தும் தடாகம், அதிலிருந்து நாலு பக்கமும் ஓடும் வாய்க்கால், இடையில் பூப்பாத்திகளும் மரங்களும் மயில்களும். குளிர்காலத்திலும் வீட்டுக்குள் வசந்தம் இருக்கட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் இப்படி நெய்தார்களாம்.

அம்மா மயிலைப் பார்த்தார். பக்கத்தில் கூராக நின்ற சைப்பிரஸ் மரத்தையும் பார்த்தார்.

“மயிலும் வேலும் நிக்குது. இனி ஒருத்தரும் இதில கால் வைக்கப்படாது.”

“அது மரமெல்லோ” என்றார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் மரம் வேலாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டிலிருந்த ஒன்பது பேரும் சுவரோரமாக நண்டுபோல நடந்தோம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஹீட்டர் பழுதாகி எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனார். மற்றவர்கள் எல்லோரும் வேலைக்கும் வேலை தேடியும் போயிருந்தார்கள். முன்னறையை எட்டிப் பார்த்தேன். அம்மா தடாகத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கால்களும் மயிலின் மேல்.

முருகன் அம்மாவை என்ன செய்யப்போகிறாரோ! சத்தமில்லாமல் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, பெல் அடித்தேன். அம்மா ஒன்றும் நடக்காதவர்போல வந்து திறந்தார்.

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போனோம். முருகனிடம் நேரே போகப் பயமாக இருந்தது. தம்பியிடம் எடுத்துச் சொல்லட்டும் என்று பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். கால் உளைந்த பிறகும் நிறுத்தவில்லை.

“என்ன பிழை விட்டனீ?” என்று அம்மா கேட்டார்.

“நானில்லை. நீங்கள்தான் மயிலில கால் வைச்சனீங்கள்.”

அம்மாவின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“முருகன் என்னோட கோவிக்க மாட்டார். அப்பாட்டைச் சொல்லிப்போடாதை, என்ன?”

எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கு மட்டும் முருகன் தனியாக அனுமதி கொடுத்திருக்கிறார் என்று நம்பினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினர்கள் வேலையும் வீடும் கிடைக்கும்வரை எங்களோடுதான் இருந்தார்கள். படுக்கையறைகளில் மெத்தை, மாடிப்படிக்குக் கீழேயும் மெத்தை. முன்னறையில் மட்டும் யாரும் மெத்தை போடவில்லை. பத்து நிமிடம் தனியாக உட்கார ஓர் இடம் வேண்டித்தான் அம்மா முருகனை அங்கே காவலுக்கு நிறுத்தினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.