அகபுல்கோவுக்குக் கொண்டுபோன பார்சல்

எங்கள் ஆட்களிடம் பயணம் போகிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. சொன்னால் அன்று மாலையே அழைப்பு மணி அடிக்கும். லண்டன் என்றால் மச்சாளுக்கு ஒரு சேலை, பாரிஸ் என்றால் பெறாமகனுக்கு ஒரு சோடி சப்பாத்து. கொழும்பு என்றால் கேட்கவே வேண்டாம், நம்முடைய உடுப்புக்குப் பெட்டியில் இடம் இருக்காது. தொண்ணூறுகளில் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் இலங்கைத் தமிழர் நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் தபால்காரர்கள், சம்பளம்தான் கிடையாது. இதைப் பற்றி வாய் ஓயாமல் புறுபுறுத்தவன் நான். மெக்சிகோவுக்கு உல்லாசக் கப்பலில் போவது என்று முடிவானபோது என்னுடைய முதல் சந்தோஷமே அங்கே எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்பதுதான்.

பகலில் எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. மாலையில் நகரத்தில் ஒரு பயண முகவர் கடையைக் கூட்டித் துடைப்பேன். காலம் முடிந்த பயணப் புத்தகங்களைக் கட்டி வெளியே வைப்பதும் என் பொறுப்பு. நான் பாதியைத்தான் வெளியே வைப்பேன், மீதி எங்கள் வீட்டுக்கு வரும். மனைவி பேசிப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் தானும் புரட்டத் தொடங்கிவிட்டாள். மசாட்லான், புவேர்ட்டோ வயார்ட்டா, அகபுல்கோ. மெக்சிகோவின் துறைமுகங்கள் எங்கள் சமையலறை மேசையில் வெங்காயத்தோலுக்கு நடுவே கிடந்தன.

இந்த ஆசையைச் சிரிப்பாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நான் ஜெர்மனிக்கு வந்த முதல் வருடங்களில் அடுத்த மாவட்டத்தில் இருக்கும் நண்பனைப் பார்க்கப் போவதற்கும் அலுவலகத்தில் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுத்து அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பிறகு அகதிகளுக்கான நீல நிறப் பயணப் பத்திரம் தந்தார்கள். எந்த எல்லையில் நீட்டினாலும் எங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி நிற்க வைக்கும் பத்திரம் அது. கடைசியில் ஜெர்மன் பாஸ்போட் கையில் கிடைத்த கிழமை நான் நினைத்தது ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரனைப் போல, ஒரு காரணமும் இல்லாமல், ஒரு ஊருக்குப் போய் இறங்க வேண்டும்.

கடையில் வேலை செய்த பெண்தான் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாள், விற்காமல் கிடக்கும் ஒரு அறை பாதி விலைக்கும் குறைவாக வந்திருக்கிறது என்று. கப்பலின் அடித்தட்டு, ஜன்னல் இல்லை. "ஜன்னல் இல்லாட்டி என்ன, கடலை மேலை போய்ப் பாப்பம்" என்றாள் மனைவி. கப்பல்காரர்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் நடத்தும் சுற்றுலாக்களின் விலை எங்களுக்குக் கட்டாது. ஆகவே நான் நகர நூலகத்தில் உட்கார்ந்து எந்த ஊரில் எந்த பஸ், எவ்வளவு தூரம் நடை, எந்தச் சந்தையில் மலிவாகச் சாப்பிடலாம் என்று ஒரு கொப்பி நிறைய எழுதினேன். முதல் பக்கத்தில் எழுதிச் சிவப்புக் கோடு போட்டது இது: கப்பல்காரரின் சுற்றுலா பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவன் பிந்தினால் காத்திருக்காது.

பயணத்தைச் சொல்லியே ஆக வேண்டியவர் ஒருவர் இருந்தார். எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் இருந்த அக்கா. மன்னார் ஆள், தேவாலயத்துக்கும் மருத்துவமனைத் துப்புரவு வேலைக்கும் தவிர வேறெங்கும் போகாதவர். எங்கள் இரண்டு பிள்ளைகளையும் நாங்கள் இல்லாத பதினாறு நாளும் தான் பார்ப்பதாகச் சொன்னவர். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு பார்சலோடு.

"தம்பி, ஒண்டு கேக்கலாமோ? நீங்கள் போற மெக்சிகோவிலை என்ரை சின்னவன் நிக்கிறான்."

சின்னவன் என்பது அவருடைய கடைசித் தம்பி. தாய் இறந்த பிறகு இவர்தான் வளர்த்தார். கனடாவுக்கு என்று வெளிக்கிட்டவனை, எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் மெக்சிகோ நகரில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். நாலு மாதமாக அடுத்த அடி இல்லை.

"அங்கையே அகதி விண்ணப்பம் போடலாமாம், தம்பி. ஆனா தான் ஆரெண்டு காட்ட அவனிட்டை ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஏஜென்சி எல்லாத்தையும் பறிச்சுப்போட்டான். இது பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம். மன்னாரிலை இருந்து மூண்டு பேரின்ரை கை மாறி வந்தது."

"தபாலிலை போடலாமே அக்கா?"

"தபாலோ? கிழமைக்கொரு வீடு மாறுறான், எந்த விலாசத்துக்குப் போடுறது? எனக்குத் தபாலிலை ஒருநாளும் நம்பிக்கை இல்லை. ஆள் கையிலை குடுத்தால்தான் மனம் ஆறும். அகபுல்கோவிலை உங்கட கப்பல் நிக்கிற நாளைச் சொல்லிப்போட்டன். பஸ்ஸிலை வருவான். ஒன்பது மணிக்குத் துறைமுக வாசலிலை நிப்பான்."

பத்திரத்தோடு ஒரு கம்பளிச் சட்டை, மிளகாய்த்தூள், செபமாலை எல்லாம் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். என் பிள்ளைகளைப் பார்க்கப்போகும் மனிதருக்கு எப்படி மாட்டேன் என்பது? வாங்கினேன். கதவைச் சாத்திய பிறகு மனைவியிடம், "உலகத்தின்ரை மற்றப் பக்கத்துக்குப் போனாலும் விடமாட்டினம்" என்றேன். அவள் பார்சலை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

லாஸ் ஏஞ்சல்சில் கப்பல் ஏறினோம். முதல் இரண்டு துறைமுகங்களும் என்னைக் கெடுத்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குளிரூட்டிய பஸ்ஸில் கொடி பிடித்தவன் பின்னால் போக, நாங்கள் ஊர்ச் சனத்தோடு பஸ்ஸில் இடிபட்டுப் போனோம். சந்தையில் நின்றுகொண்டே சோள ரொட்டியும் பச்சை மிளகாயும் சாப்பிட்டோம். எங்கள் நிறத்தைப் பார்த்து எல்லோரும் எங்களோடு ஸ்பானிய மொழியில் பேசினார்கள். ஒரு கிழவி என்னிடம் வழி கேட்டாள்! பீலெஃபெல்ட்டில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், என்னிடம் ஒருவரும் வழி கேட்டதில்லை. எங்கிருந்து வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று.

அகபுல்கோவில் கப்பல் எட்டு மணிக்குக் கட்டியது. ஐந்து மணிக்குப் புறப்பாடு, நாலரைக்கு எல்லோரும் உள்ளே. எட்டேகாலுக்கே நான் வெளிக்கிட்டுவிட்டேன்.

"பார்சல்?" என்றாள் மனைவி.

"அதைக் காவிக்கொண்டு ஊர் சுத்த ஏலாது. மூண்டு மணிக்கு வந்து எடுத்துக் குடுப்பம்."

"ஒன்பது மணியெண்டு சொன்னது, இஞ்சருங்கோ. முக்கால் மணித்தியாலம் நிண்டு குடுத்திட்டுப் போனால் என்ன?"

"அவன் எங்கை போகப்போறான்? நிப்பான்."

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். என்னையும் இப்படித்தான் அலுவலக நடைபாதைகளில் நிற்க வைத்தார்கள், எங்கே போகப்போகிறான் என்ற அதே நினைப்போடு. அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். ஒரு நாளாவது என் நேரம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. மனைவி பின்னால் வந்தாள். வாசலைத் தாண்டும்போது அங்கே ஒரு காவல்காரனைத் தவிர ஒருவரும் இல்லை.

பழைய கோட்டையைப் பார்த்தோம். ஒரு மணிக்கு, பாறை உச்சியிலிருந்து கடலுக்குள் பாயும் இளைஞர்களைப் பார்த்தோம். அத்தோடு திரும்பியிருக்கலாம். கொப்பியில் இன்னும் ஒரு விரிகுடா மிச்சம் இருந்தது, பஸ்ஸில் முக்கால் மணி. அங்கே பொரித்த மீன் சாப்பிட்டுக் கடலில் கால் நனைத்தேன். மனைவி செருப்பைக் கழற்றவில்லை. மூன்று மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். கரையோர வீதியில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டது. பஸ் ஓட்டுநர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு இறங்கி ஓடினோம். கொப்பியின் முதல் பக்கத்துச் சிவப்புக் கோடு என் கண் முன்னே நின்றது.

வாசலுக்கு வரும்போது நாலு மணி ஐம்பது. அவன் நின்றான். பார்த்தவுடன் தெரிந்தது, அந்த முகம் அக்காவின் முகம். வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிப் போட்டிருந்தான், தலையைத் தண்ணீர் வைத்து வாரியிருந்தான், வேர்வையில் எல்லாம் குலைந்திருந்தது. கையில் ஒரு பை. வெறுங்கையோடு ஆட்களைப் பார்க்கப் போகக்கூடாது என்று அந்த நிலைமையிலும் மாம்பழம் வாங்கி வந்திருந்தான்.

"அண்ணை! நீங்கள்தானே? பீலெஃபெல்ட் அண்ணை?"

"ஓம் தம்பி, பார்சல் மேலை இருக்கு. ஐஞ்சு நிமிசம் நில்லும், எடுத்துக்கொண்டு வாறன்."

"ஓம் அண்ணை, ஆறுதலா வாங்கோ" என்றான். பையை மனைவியின் கையில் கொடுத்தான். காவல்காரன் எங்களை மட்டும் உள்ளே விட்டான்.

அடித்தட்டுக்கு ஓடிப் பார்சலை எடுத்துக்கொண்டு வந்தபோது இறங்கும் பாதையின் வாயில் சங்கிலி போட்டிருந்தார்கள். நான் ஜெர்மனில் கத்தினேன், எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் கெஞ்சினேன். வெள்ளை உடுப்புப் போட்ட மாலுமி மிகவும் மரியாதையாக, நீங்கள் ஏறியதே அதிர்ஷ்டம் என்றான். என் கண் முன்னாலேயே பாதையை இழுத்தார்கள். மேல்தட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரிந்தது, வெள்ளைச் சேர்ட்டும் தெரிந்தது. நான் பார்சலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவன் கையசைத்தான்.

மாம்பழத்தை மனைவி தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் நாலு நாள் மாம்பழ வாசனை. அமெரிக்காவுக்குள் பழம் கொண்டுபோக முடியாது என்று கடைசி நாள் அறை துடைக்கும் பையன் குப்பையில் போட்டான்.

பீலெஃபெல்ட்டுக்கு வந்து, பிள்ளைகளைக் கூட்டிவர மேல்மாடிக்குப் போனோம். அக்கா தேத்தண்ணி வைத்தார். பார்சலை மேசையில் வைத்து நான் சொன்னேன்: "அவர் வரேல்லை, அக்கா. நாங்கள் வாசலிலை கனநேரம் பாத்தம்."

மனைவி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார்.

"அப்பிடியோ, தம்பி. வழியிலை என்ன மறிப்போ" என்றார். பார்சலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள், சின்னவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் காய்ந்தது என்று சொன்னார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்குள் அவருடைய தம்பியை வேறொரு ஏஜென்சி வடக்கே கூட்டிப் போய்விட்டது. அமெரிக்க எல்லையில் பிடிபட்டான். தான் யார் என்று காட்ட ஒன்றுமில்லாததால் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அக்கா பத்திரங்களை எங்கே அனுப்புவது என்று விசாரித்து முடிப்பதற்குள் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கியது வரைக்கும் தகவல் இருக்கிறது. பிறகு இல்லை.

அந்த வருட மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் மகள் கப்பல் படங்களை எடுத்துக் கொண்டுவந்து காட்டத் தொடங்கிவிட்டாள். நான் தடுக்க முடியாமல் இருந்தேன். அகபுல்கோவில் கப்பல் கட்டியிருந்த படத்தை அக்கா கையில் எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இதுதானே அந்தக் கப்பல்? வெள்ளையெண்டு சின்னவன் சொன்னவன். தேவாலயத்தைவிட உயரமெண்டு சொன்னவன்."

படத்தைக் கீழே வைக்காமலே அவர் தொடர்ந்தார்.

"அண்டைக்கே எனக்கு ரெலிபோன் எடுத்தவன், தம்பி. 'அந்த அண்ணை பாவம் அக்கா, வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவர், கப்பல் விடேல்லை. அவரை ஒண்டும் கேட்டுப்போடாதை' எண்டவன்."

படத்தை மற்றப் படங்களோடு சேர்த்து மகளிடம் கொடுத்துவிட்டு, கேக் நன்றாக வந்திருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். அவர் கத்தியிருந்தால், என் முகத்தில் துப்பியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு வாசல் வேண்டும். அவர் அதைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அடுத்த கோடையில் லண்டனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக இருந்தோம். அக்காவின் பெரியம்மா மகள் ஒருத்தி லண்டனில் இருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் யாராவது போகும்போது அவளுக்கு ஏதாவது கொடுத்துவிடுவார். நான் ஒரு கிழமை காத்திருந்தேன். அழைப்பு மணி அடிக்கவில்லை. பிறகு நானே மேல்மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, சனிக்கிழமை லண்டனுக்குப் போறம். ஏதும் குடுத்துவிட இருக்கோ? பெட்டியிலை நல்லா இடம் இருக்கு."

அக்கா கை ஈரத்தைச் சேலையில் துடைத்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

"இல்லைத் தம்பி," என்றார். "தபாலிலை போட்டிட்டன்."